திரைப்பதிவுக்கு எம்பி4 ஒன்றுதான் வழியா?

நம்பிக்கை: எம்பி4 எங்கும் ஓடுகிறது. ஆகவே அது பொதுச்சொத்து.

உண்மை: எம்பி4 வெறும் டப்பா. அதற்குள் பெரும்பாலும் இருப்பது 2003இல் வெளிவந்த எச்.264 கோடெக், அதாவது காணொளியைச் சுருக்கும் முறை. அதன்மீது பல நிறுவனங்கள் காப்புரிமை பெற்றிருக்கின்றன. நம்மைப் போன்ற பார்வையாளர்களிடம் யாரும் காசு கேட்பதில்லை; கோடெக்கை மென்பொருளில் சேர்ப்பவரிடம்தான் உரிமக் கட்டணம் கேட்கிறார்கள். மென்பொருளை இலவசமாக எழுதித் தருபவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய குறை. விக்கிப்பீடியாவின் ஊடகக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4ஐ வாங்குவதில்லை. ஏற்கலாமா என்று 2014இல் கேட்கப்பட்டபோது பங்களிப்பாளர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுக்கக் கற்றுத்தரும் திரைப்பதிவை அங்கே ஏற்ற விரும்புபவர் அதை வெப்எம் போன்ற, உரிமக் கட்டணமற்ற திறந்த வடிவத்தில்தான் தர வேண்டும்.

நம்பிக்கை: கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றினால் வடிவமும் மாறிவிடும்.

உண்மை: மாறாது. உள்ளே இருக்கும் கோடெக் அப்படியேதான் இருக்கும்.

நம்பிக்கை: திறந்த வடிவத்தில் எழுத்துகள் மங்கிவிடும்.

உண்மை: திரைப்பதிவில் சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து தெரிவதற்குப் பெரும்பாலும் 4:2:0 முறைதான் காரணம். அதில் நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைக்கப்படுகிறது. எச்.264இலும் வழக்கமாக இதே முறைதான். உண்மையில், 2018இல் வந்த திறந்த கோடெக்கான ஏவி1இல் திரைப்பதிவுக்கென்றே சில உத்திகள் உண்டு: சில நிறங்களே உள்ள பகுதியைச் சிறு வண்ணப் பட்டியலாகச் சேமிக்கும், ஒரே எழுத்து திரும்ப வந்தால், அதே சட்டகத்தில் ஏற்கெனவே வரைந்த பகுதியிலிருந்து நகலெடுத்துக்கொள்ளும். நிரல் எழுதுவதையோ விரிதாளையோ பதிவு செய்பவருக்கு இது பெரிய வரம். ஆனால் பழைய கணினியில் ஏவி1ஆகக் குறியாக்க நேரம் பிடிக்கும்; அங்கே அதற்கு முந்தைய திறந்த கோடெக்கான விபி9 போதும்.

நம்பிக்கை: ஆப்பிள் கருவிகளில் வெப்எம் ஓடாது.

உண்மை: மேக் கணினியின் சஃபாரி உலாவி 2021 முதலே ஓட்டுகிறது. பழைய ஐபோன்களில்தான் சிக்கல். அவற்றுக்காக ஒரு எம்பி4 நகலும் வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: எந்த வடிவில் வெளியிடுகிறோமோ அதிலேயே பதிவு செய்ய வேண்டும்.

உண்மை: தேவையில்லை. சாதாரண எம்பி4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் முழுப் பதிவும் திறக்காமல் போகலாம். எம்கேவி என்ற வேறொரு டப்பாவில் அதுவரை பதிவானது பிழைக்கும். பதிவு மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் எம்கேவியாகப் பதிந்து, பிறகு ‘ரீமக்ஸ்’ கொடுத்தால், தரம் குறையாமல் எம்பி4 டப்பாவுக்கு மாறிவிடும். பதிவின் படத்தை விபி9 ஆகவும் ஒலியை ஓப்பஸ் கோடெக்காகவும் மாற்றினால் வெப்எம் கோப்பும் தயார்.