கண்ணை விட புக்மார்க்கை நம்புங்கள்
கிரிப்டோ பரிமாற்றத் தளம் அசலா போலியா என்பதை முகவரியை உற்றுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2018 தொடக்கத்தில் பைனான்ஸ் என்ற பரிமாற்றத் தளத்தின் பயனர்களைக் குறிவைத்த போலி முகவரியில் ‘என்’ எழுத்துகளின் அடியில் சின்னஞ்சிறு புள்ளிகள்தான் கூடுதலாக இருந்தன. திரையில் படிந்த தூசி என்றே தோன்றும். பூட்டுச் சின்னமும் காப்பாற்றாது. இணைப்பை இடையில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அது சொல்கிறது. தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்று சொல்வதில்லை. பூட்டைத் தரும் இலவசச் சான்றிதழ் மோசடிக்காரருக்கும் கிடைக்கிறது. மக்கள் பூட்டைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் கூகுள் குரோம் 2023-இல் முகவரிப் பட்டையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

ஆகவே ஒப்பிடும் வேலையைக் கருவியிடம் விடுங்கள். சரியான முகவரியை ஒருமுறை உறுதிசெய்து புக்மார்க்கில் வையுங்கள். எப்போதும் அதன் வழியே மட்டும் நுழையுங்கள். தேடலின் உச்சியில் வரும் விளம்பரம், டெலிகிராம் இணைப்பு, குறுஞ்செய்தி எதையும் தொடவே வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் தானாக நிரப்பவில்லையென்றால் நீங்களாகத் தட்டச்சு செய்யாதீர்கள், முகவரி மாறியிருக்கலாம். ஓடிபி இருக்கிறதே என்பார்கள். போலித் தளம் அதையும் வாங்கி, அந்த நொடியே அசல் தளத்தில் செலுத்திவிடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ அப்படியல்ல; பதிவான முகவரியைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது. புக்மார்க்கும் தோற்கலாமே என்பது நியாயமான கேள்வி. 2018 ஏப்ரலில் மைஈதர்வாலட் என்ற வாலட் சேவையின் சரியான முகவரிக்குப் போனவர்களே போலி சர்வருக்குத் திருப்பப்பட்டார்கள். ஆனால் அன்றும் பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டியது. அதைத் தாண்டி உள்ளே போனவர்கள் பணத்தை இழந்தார்கள். அந்த எச்சரிக்கை வந்தால் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள், எவ்வளவு அவசரமானாலும் சரி.