யாழ்ப்பாணத்துக் கிணறும் நம்ம பீலித் தண்ணியும்
(நீரின் குணங்கள் பற்றிய ஒரு பாடம்)



நமது தோட்டங்களிலிருந்து இன்று பல பிள்ளைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகின்றார்கள். கடைகளிலும் கட்டட வேலைகளிலும் சேர்ந்து அங்கேயே தங்கியிருப்பவர்களும் உண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னியில் போய்க் குடியேறிய சொந்தக்காரர்களும் நமக்கு நிறைய இருக்கின்றார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்தவர்கள் தீபாவளிக்கு வீடு வரும்போது சொல்லுகின்ற கதை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "அங்க தேத்தண்ணி நம்ம வீட்டுத் தேத்தண்ணி மாதிரி இல்ல, மேல ஏடு படியுது. சவுக்காரம் போட்டா நுரையே வர்றதில்ல. ஒரு கிணத்துல நல்ல தண்ணி, கொஞ்சம் தள்ளிப் போனா உப்புத் தண்ணி."

இது ஏன்? தண்ணி எங்கேயும் தண்ணிதானே? இந்த இதழில் நாம் இதைத்தான் படிக்கப் போகின்றோம். படித்து முடிக்கும்போது நம் வீட்டுக் கைக்குழந்தையின் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் விளங்கும். அதனால் அம்மாமார் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

1. தண்ணி எதையும் கரைக்கும்

ஐதரசன் அணு இரண்டும் ஒட்சிசன் அணு ஒன்றும் சேர்ந்ததே ஒரு நீர் மூலக்கூறு. இதன் ஒரு பக்கத்தில் இலேசான நேர் மின்னேற்றமும் மறுபக்கத்தில் இலேசான எதிர் மின்னேற்றமும் இருக்கின்றன. இதனால் உப்பு போன்ற பொருட்களின் துணிக்கைகளைத் தண்ணி தன் பக்கம் இழுத்துப் பிரித்துவிடும். இதையே நாம் கரைதல் என்கின்றோம். தண்ணியைப் போல இத்தனை பொருட்களைக் கரைக்கின்ற திரவம் வேறொன்றைக் காண்பது கஷ்டம்.

ஆகவே ஒரு ஊர்த் தண்ணியின் குணம் அது எந்த மண்ணில், எந்தக் கல்லில் ஓடி வந்தது என்பதைப் பொறுத்தது. நமது மலைகளில் உள்ளவை கெட்டியான பழைய பாறைகள். மழைத் தண்ணி அவற்றின் மேலே ஓடிப் பீலிக்கு வந்து சேரும்போது அதில் கரைந்திருப்பது மிகக் கொஞ்சம். இதை மென்னீர் என்பார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. அங்கே மெல்லிய மண் படைக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணி காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக் கல்லை மெல்ல மெல்ல அரித்து, கல்சியம் இருகாபனேற்றாகத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. இப்படிச் சுண்ணாம்புச் சத்துக் கூடிய தண்ணியே வன்னீர். கல்லுக்குள் பொந்துகளும் குகைகளும் உண்டானதும் இதே அரிப்பினால்தான்.

2. தேத்தண்ணியில் ஏடு, சவர்க்காரத்தில் திரிபு

நாம் பறித்த கொழுந்துதான் அங்கேயும் போகிறது. ஆனால் சாயம் வேறு மாதிரி இறங்குகிறது. வன்னீரில் உள்ள கல்சியமும் இருகாபனேற்றும் தேயிலைச் சாயத்தோடு சேரும்போது மேலே ஒரு மெல்லிய ஏடு படிகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஸ்பைரோ, ஜகன்யி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார்கள். தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் ஏடு மறைந்துவிடும். தேயிலையில் எந்தக் குறையும் இல்லை. நம்ம பிள்ளைகள் இதை அங்கே தைரியமாகச் சொல்லலாம்!

சவர்க்காரமும் இப்படித்தான். முதலில் அது கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரளாகப் போய்விடும். கல்சியம் தீர்ந்த பிறகே நுரை வரும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற கல்லும், கொதிக்கும்போது கரைசலை விட்டுப் பிரிந்து வந்த சுண்ணாம்புதான். வன்னீர் கேத்தலையும் துணியையும் கெடுத்தாலும், குடிக்கிறவருக்கு அந்தச் சுண்ணாம்பினால் பொதுவாகப் பெரிய கெடுதல் இல்லை.

3. கடல் தண்ணியில் என்ன இருக்கிறது?

ஒரு லீற்றர் கடல் தண்ணியில் ஏறத்தாழ 35 கிறாம் உப்பு உண்டு. அதாவது ஆறு, ஏழு தேக்கரண்டி. அதில் முக்கால் பங்குக்கும் மேல் நாம் சோற்றில் போடுகின்ற சோடியம் குளோரைட்டு. மீதியில் மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புகள் இருக்கின்றன. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் பல சமுத்திரங்களிலும் தண்ணி எடுத்து வந்தது. அதைச் சோதித்த டிட்மார் என்ற இரசாயன அறிஞர், மொத்த உப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தாலும் இந்த உப்புகளுக்கு இடையிலான விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்று 1884இல் காட்டினார்.

ஆனையிறவு உப்பளத்தில் இந்தப் பாடத்தைக் கண்ணாலேயே காணலாம். பாத்திகளில் கடல் நீர் வெயிலுக்கு வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படியும். தண்ணி பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் கறியுப்பு விளையும். கடைசியில் மிஞ்சுகின்ற கசப்புத் தண்ணியில் மகனீசியம் உப்புகள் நிற்கும். அதை வடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வற்றவிட்டால் உப்பு கசக்கும். யுத்தத்தால் 1990இல் நின்றுபோன இந்த இடத்தில் 2025 மார்ச் மாதம் மேசை உப்புத் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது.

4. அட்டைக்கு உப்பு வைத்தால் என்ன நடக்கிறது?

மழைக்காலத்தில் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. காலில் ஏறின அட்டையின் மேல் உப்பை வைத்தால் அது சுருங்கி விழுந்துவிடும். அட்டையின் தோல் தண்ணியைப் போக விடும், உப்பை இலேசில் விடாது. அதனால் உள்ளே இருக்கிற தண்ணி உப்பு கூடிய வெளிப்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பாடசாலைப் பிள்ளைகள் இதைப் பிரசாரணம் என்று படிப்பார்கள்.

கடல் தண்ணியைக் குடித்தால் நம் உடம்பிலும் இந்த மாதிரித்தான் நடக்கும். நமது சிறுநீரகத்தால் கடல் தண்ணி அளவுக்கு உப்புக் கூடிய சிறுநீரை உண்டாக்க முடியாது. ஒரு லீற்றர் கடல் தண்ணி குடித்தால், அந்த உப்பை வெளியேற்ற ஒரு லீற்றருக்கும் கூடுதலான தண்ணி உடம்பிலிருந்து போக வேண்டும். தாகம் தீராது, கூடும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைக்கும்போது பக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணியைக் குறைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். "கொஞ்சம் கெட்டியா குடுத்தா சீக்கிரம் சுகமாயிடும்" என்று நினைப்பது பிழை.

பிரசாரணத்தைத் தலைகீழாகவும் நடத்தலாம். கடல் தண்ணியைப் பெரிய அமுக்கத்தோடு மெல்லிய சவ்வு ஒன்றின் வழியே தள்ளினால் தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும். 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் தாளையடியில் திறக்கப்பட்ட நிலையம் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் எடுக்கும்படி அது அமைக்கப்பட்டது. ஆனால் அந்த அமுக்கத்தை உண்டாக்க மின்சாரம் நிறைய வேண்டும். மழை சும்மா தருகின்ற தண்ணியை இங்கே காசு கொடுத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

5. உப்புத் தண்ணிக்கு மேலே நல்ல தண்ணி

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மழைக்காலத்தில் மட்டும் ஓடும். பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்ற மழைதான் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் நிற்கிறது. சுற்றிவரக் கடல் இருக்கும்போது அந்தத் தண்ணி ஏன் உப்பாகவில்லை?

முதலில் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கிளாசில் அரைவாசிக்குத் தண்ணி எடுத்து மூன்று கரண்டி உப்பைக் கரைத்து, நிறம் தெரிவதற்குக் கொஞ்சம் ஆறின சாயத்தண்ணி விடுங்கள். இனி ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் வெறும் தண்ணியை மெதுவாக ஊற்றுங்கள். நிறத் தண்ணி கீழேயும் தெளிந்த தண்ணி மேலேயும் தனித்தனியாக நிற்கும். உப்புத் தண்ணிக்கு அடர்த்தி அதிகம். நல்ல தண்ணி ஒரு லீற்றர் ஒரு கிலோ என்றால் கடல் தண்ணி ஏறத்தாழ 1.025 கிலோ.

குடாநாட்டின் நிலத்துக்குக் கீழேயும் இதுதான். சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களில் புகுந்த கடல் தண்ணியின் மேலே மழைத் தண்ணி ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற ஒல்லாந்தரும் 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மனியரும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணி இருக்கும். பொந்துகள் நிறைந்த கல்லில் கணக்கு அச்சொட்டாக வராது. ஆனாலும் அடிப்படை இதுதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்புத் தண்ணி மெல்ல மெல்ல நாற்பது அடி ஏறி வரும்! துலாவில் இறைத்த காலத்தில் மனுஷருடைய கை அலுத்தபோது கிணறும் ஓய்வெடுத்தது. மோட்டர் அலுப்பதில்லை. கரையோரக் கிணறுகள் பல உவராகிப் போனதற்கு அளவுக்கு மீறி இறைத்ததும் ஒரு காரணம்.

புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு என்று ஒன்று உண்டு. அதற்கு அடியே இல்லை என்று ஊரில் சொல்லுவார்கள். அடி உண்டு. மேலே நல்ல தண்ணியும் ஆழத்தில் உப்புத் தண்ணியும் இருக்கிறது. கீரிமலையிலோ கடல் அலைக்குப் பக்கத்திலேயே கேணியில் நல்ல தண்ணி ஊறுகிறது. நிலத்துக்குள் இருந்து கல்லின் வழியே கடலை நோக்கி வருகின்ற மழைத் தண்ணிதான் அது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது வடக்கு, கிழக்குக் கரைகளில் ஏராளமான கிணறுகளுக்குள் கடல் புகுந்தது. கிணற்றைத் துப்புரவாக்கத் திரும்பத் திரும்ப இறைத்த சில இடங்களில் உப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அதிகம் இறைக்காமல் மழைக்கு விடுங்கள் என்று நிபுணர்கள் சொன்னது இதனால்தான்.

6. கொதிக்க வைத்தால் போதுமா?

இதுதான் பாடத்தின் முக்கியமான இடம். கடல் மட்டத்தில் தண்ணி 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் குறைவு என்பதால் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மேல் தோட்டங்களில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ஆனாலும் வயிற்றோட்டக் கிருமிகளைக் கொல்ல இந்தச் சூடு போதும். நன்றாகக் கொப்புளித்த பிறகு இன்னும் ஓரிரண்டு நிமிஷம் விட்டு இறக்குங்கள்.

ஆனால் தண்ணியில் கரைந்த உப்பு ஆவியாகப் போவதில்லை. தண்ணிதான் போகும், உப்பு நிற்கும். நைத்திரேற்று என்ற பொருளும் அப்படியே. தோட்டத்துக்குப் போடுகின்ற யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சியது மழையோடு கீழே இறங்கும். மலசலகூடக் குழியிலிருந்தும் இது வரும். யாழ்ப்பாணத்தில் மெல்லிய மண்ணையும் பொந்துக் கல்லையும் தாண்டி அது சீக்கிரமே கிணற்றைச் சேர்ந்துவிடுகிறது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிறாமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தத் தண்ணியில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தி குறைந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். உயிருக்கே ஆபத்து. கொதிக்க வைக்க வைக்க தண்ணி வற்றி நைத்திரேற்றின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. "நல்லாக் கொதிக்க வச்சுத்தானே குடுத்தேன்" என்று பிறகு அழுது பிரயோசனமில்லை. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே குழந்தைக்குச் சரியான பாதுகாப்பு.

இது யாழ்ப்பாணத்துக் கதை என்று நாம் சும்மா இருக்கலாமா? நமது மலையிலும் யூரியா போடுகின்றோம். லயத்துக்கு மேலே தேயிலை, கீழே பீலி. மேல் லயத்தின் மலசலகூடம், கீழ் லயத்தின் ஊற்று. மலையில் தண்ணி கீழ்நோக்கி ஓடும். மேலே எதைக் கரைக்கின்றோமோ அதைக் கீழே ஒரு குழந்தை குடிக்கும்.

நினைவில் வைப்போம்

• உரம் கலந்த வாளியையும் மருந்து அடிக்கும் டேங்கையும் பீலியிலோ ஊற்றிலோ கழுவக் கூடாது.
• ஊற்றுக்கு மேலே குழி வெட்டக் கூடாது. ஊற்றை மூடிக் கட்டித் தரும்படி லயத்தவர் எல்லோரும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.
• கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; கரைந்த உப்பும் உரமும் போகாது.
• சந்தேகமான தண்ணியைச் சோதிக்கும் வழியைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ நீர் வழங்கல் சபையிடமோ கேட்டறியுங்கள்.
• குழந்தையின் உதடு நீலமானால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. நல்ல தண்ணியில் அமிழ்கின்ற முட்டை உப்புத் தண்ணியில் மிதப்பது ஏன்?
2. கிணற்றுத் தண்ணி இரண்டு அடி இறங்கினால் அடியிலுள்ள உப்புத் தண்ணி எத்தனை அடி ஏறக்கூடும்?
3. உங்கள் லயத்துப் பீலித் தண்ணி எங்கிருந்து வருகிறது? அதற்கு மேலே என்னென்ன இருக்கின்றன? அப்பா அம்மாவோடு ஒரு முறை நடந்து போய்ப் பார்த்து, படம் வரைந்து கொண்டு வாருங்கள்.