பெயர் நீங்கிய சிகரம்

கனடா நாட்டின் மேற்றிசையில் ராக்கி மலைத்தொடர் ஓங்கி நிற்கின்றது. அதன் முகட்டின் வழியே ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் இரு மாகாணங்களின் எல்லை நெடுந்தொலைவு செல்கின்றது. அவ்வெல்லையை வகுத்தது நீரேயாகும். அம்முகட்டின் தென்பகுதியில் கிழக்கே வீழும் மழைத்துளி ஹட்சன் விரிகுடாவை நாடும். ஒரு முழம் தள்ளி மேற்கே வீழ்ந்த துளியோ பசிபிக் பெருங்கடலைச் சேரும்.

1913-ஆம் ஆண்டில் இவ்வெல்லையை அளக்கத் தொடங்கிய அளவையாளர், பல சிகரங்களுக்குப் பெயரும் இட்டனர். அக்காலத்தே முதல் உலகப்போர் மூண்டது. ஆதலின் ஜோபர், போஷ் முதலிய பிரெஞ்சுப் படைத்தலைவர் பெயர்கள் மலைமேல் ஏறின. 1916-இல் வெர்தன் நகரைக் காத்த பெத்தேன் என்பாரின் பெயரும், மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒரு சிகரத்திற்குச் சூட்டப்பெற்றது.

மாணவர்களே! இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இலக்கணத்தில் கற்றுள்ளீர்கள். இஃது எவ்வகைப் பெயர்? காரணம் உண்டு, ஆயின் அக்காரணம் மலையில் இல்லை, கடல் கடந்த நாட்டு மனிதர் ஒருவரிடத்தே இருந்தது. அம்மலைச்சாரலில் தொன்றுதொட்டு வாழ்ந்த நகோடா மக்களுக்கோ, கூட்டெனே மக்களுக்கோ அவர் யாதும் செய்தவரல்லர். வாழ்வார் பெயரை மலைக்கு இடுவோர், அவர் இனிச் செய்யவிருப்பதையும் அறியாமலே ஏற்றுக்கொள்கின்றனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெத்தேன் திறத்தில் அதுவே நிகழ்ந்தது. 1940-இல் பிரான்சு தோற்றபோது, எண்பத்து நான்கு வயதில் அவர் ஆட்சித்தலைமை ஏற்று, ஹிட்லரின் ஜெர்மனியோடு உடன்பட்டார். விஷி நகரிலிருந்து நடந்த அவ்வரசு யூதர்களைப் பிடித்துக் கொடுக்கவும் துணை நின்றது. போர் முடியுமுன் பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதர் 70,000-க்கு மேற்பட்டோர். மீண்டு வந்தோர் மிகச் சிலரே. 1945-இல் நாட்டுத்துரோகக் குற்றத்திற்காக அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பெற்றது. முதுமை கருதி அது வாழ்நாட்சிறையாயிற்று. 1951-இல் அவர் இறந்தார்.

மலையில் மட்டும் அப்பெயர் நீங்கவில்லை. பெயரை நீக்குக என்று பலர் விண்ணப்பித்தனர். ஆயினும் சிகரம் எல்லைமேல் நிற்பதால், ஒரு மாகாணம் நீக்கினால் மற்றொன்றிலும் நீங்கியதாகாது. ஆல்பர்ட்டா 2019-இல் நீக்கிற்று. பிரிட்டிஷ் கொலம்பியா 2022-இல்தான் நீக்கிற்று. இடைப்பட்ட மூன்றாண்டும் அச்சிகரம் கிழக்கே பெயரற்றும், மேற்கே பெத்தேனாகவும் நின்றது. 2022-இல் அதன் அடியிலுள்ள பனியாற்றின் பெயரும் உடன் நீக்கப்பெற்றது. மாற்றுப்பெயர் எதுவும் அப்பொழுது இடப்படவில்லை.