பனிக் காலத்தில் அவரைப் பந்தல்

சூலக்கரை வட்டாரக் கரிசல் விவசாயிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அது ஓய்ந்து மாசி வெயில் ஏறுவதற்குள் கிடைக்கும் இரண்டரை மாதமே கொல்லைத் தோட்டத்துக்கு ஏற்ற காலம். மண்ணில் ஈரம் இருக்கிறது. வெயில் கடுமை இல்லாததால் பாய்ச்சிய தண்ணீர் சீக்கிரம் வற்றுவதில்லை. குளிக்கும் தண்ணீரைக் கொண்டே நாலு பாத்தியைக் காப்பாற்றிவிடலாம். காட்டு வெள்ளாமை வீடு வந்து சேரும் வரை காய்கறிக்குக் கைக்காசு போகாமல் இருக்கும்.

இத்தோட்டத்தில் முதலிடம் அவரைக்கு. ஆடியில் ஊன்றிய கொடி பந்தலை மூடிய பிறகும் புரட்டாசி, ஐப்பசியில் பூவைக் காட்டாது. மலட்டுக் கொடி என்று அறுத்து ஆட்டுக்குப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. பனி விழுந்தால் அவரை பூக்கும் என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் கண்டது சரியே. ஆனால் பூக்க வைப்பது பனி மட்டும் அல்ல. முக்கியமாக இரவின் நீளம். நம் பக்கத்தில் ஆனி மாதத்தில் பகல் 12½ மணிக்குச் சற்று அதிகம். புரட்டாசியில் பகலும் இரவும் சமமாகின்றன. மார்கழியில் பகல் சுமார் 11½ மணியாகச் சுருங்குகிறது. ஒரு மணி நேர வித்தியாசந்தான். செடிக்கு அது போதும். நாட்டு அவரை நீண்ட இரவைக் கண்ட பிறகே மொட்டு வைக்கும்.

இதனால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் பந்தல்மேல் விழுந்தால் அந்தப் பக்கம் பூக்கத் தாமதமாகலாம். பந்தலை இருட்டான பின்கொல்லையில் போடுவதே நல்லது.

ஆடியைத் தவறவிட்டவர்கள் மார்கழியில் கொடி அவரை ஊன்றிப் பயனில்லை. கொடி வளர்வதற்குள் பகல் நீண்டுவிடும். அவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 12 போன்ற குத்து அவரை ஏற்றது. அதற்குப் பந்தலும் வேண்டாம், பருவமும் பாராது.

பூக்கும் சமயத்தில் யூரியாவை அள்ளி வைத்தால் இலைதான் கொழிக்கும். மக்கிய தொழு உரம் இரண்டு கூடை போதும். எறும்பு சாரை சாரையாகக் கொடியில் ஏறினால் அசுவினி வந்துவிட்டது என்று அறியலாம். குருத்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக அப்பியிருக்கும். அதிகம் கண்ட நுனிகளைக் கிள்ளி அழித்துவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கவும். கறிக்குப் பறிக்கும் காய் என்பதால் கடும் பூச்சி மருந்து வேண்டாம்.

பந்தலுக்கு அப்பால், வெயில் படும் பாத்தியில் கொத்தமல்லி விதைக்கலாம். விருதுநகர்ச் சந்தைக்குப் பேர் சொல்லும் சரக்கு அது; வீட்டுக்கு மட்டும் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்குவானேன்? மல்லியை முழுசாக விதைக்காமல் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு ஒன்றுபோல் இருக்கும். ஆறு வாரத்தில் தழை பறிக்கலாம். முள்ளங்கி கெட்டிக் கரிசலில் கோணிப் போகும். மணலும் எருவும் கலந்து மேடாக்கிப் போடவும்.

தை பிறந்ததும் கரிசல் வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு வழியே ஈரம் போவதோடு வேரும் அறுபடும். வெடிக்கும் முன்பே மேல்மண்ணைக் கொத்திவிட்டு, சோளத்தட்டையோ கம்மந்தட்டையோ பரப்பி மூடுங்கள்.

பட்டாசு வேலை நடக்கும் ஊர்களில் ஓர் எச்சரிக்கை. மருந்து ஒட்டிய காகிதத்தையும், தீபாவளிக்குத் தெருவில் கூட்டிய வெடிக் குப்பையையும் எருக்குழியில் கொட்டக் கூடாது. அதிலுள்ள ரசாயன உப்புகள் மண்ணில் சேரும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. துணி துவைத்த சோப்புத் தண்ணீரை வாழைக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம்.

விதைக்கென நல்ல காய்ப்புள்ள ஒரு கொடியை முன்னதாகவே அடையாளம் கட்டி விட்டுவிடவும். காய் கொடியிலேயே காய்ந்து சலசலத்த பின் பறித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை கையில் இருக்கும்.