எத்தனை டன் என்று கேட்காதீர்கள்

கேள்வி: ஐயா, என்னிடம் ஆறு வருடப் பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. சக்கரம் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் பார்ப்பது, ஆயில் மாற்றுவது என்று சின்ன வேலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்து பழகுகிறேன். வண்டியோடு கொடுத்த கத்திரி ஜாக்கியைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போகிறது. ட்ராலி ஜாக்கி வாங்கலாம் என்று கடைக்குப் போனால் 2 டன், 2.5 டன், 3 டன் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். எத்தனை டன் வாங்கட்டும்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கடைக்காரருக்கும் இந்தக் கேள்விதான் சௌகரியம், பெரிய எண்ணைக் காட்டிப் பெரிய விலை சொல்லலாம். உங்கள் காரின் எடை 900 கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும். அதை முழுசாக யாரும் தூக்கப் போவதில்லை. ஒரு மூலையைத் தூக்கினால் 300 கிலோ சொச்சம். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால், முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் 600 கிலோவுக்குள். ஆகவே கடையில் இருப்பதிலேயே சின்ன 2 டன் ஜாக்கி உங்களுக்குத் தாராளம். இன்னோவா, ஸ்கார்ப்பியோ வைத்திருப்பவர்கள் 3 டன் பக்கம் போகலாம். டன் கணக்கு இவ்வளவுதான்.

கேட்க வேண்டியது இரண்டு உயரங்களை. ஜாக்கி முழுக்க இறங்கியிருக்கும்போது அதன் தலைத்தட்டு தரையிலிருந்து எவ்வளவு, முழுக்க ஏறிய பிறகு எவ்வளவு? பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். சின்ன 2 டன் ஜாக்கிகளில் பெரும்பாலும் 13.5 செ.மீ., 33 செ.மீ. என்று பார்க்கலாம். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அப்படியானால் 13.5 சுலபமாக நுழைந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஜாக்கி தேவைப்படுகிற அன்றைக்குப் பாதி நேரம் டயரில் காற்று இருக்காது, அந்த மூலை நன்றாகவே உட்கார்ந்திருக்கும். அதனால் வாங்கும் முன் ஒருமுறை, காற்றை இறக்கிவிட்டு டேப் வைத்து அளந்து பாருங்கள். பிறகு காற்று அடித்துக்கொள்ளலாம்.

மேல் உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜாக்கியை அடிக்க அடிக்க சக்கரம் உடனே தரையை விட்டு வராது. பாடி மட்டும் ஏறும், ஸ்பிரிங் விரியும், சக்கரம் தொங்கியபடியே கீழே நிற்கும். முதல் சில சென்டிமீட்டர் இப்படியே வீணாகப் போய்விடும். அதற்குப் பிறகு ஸ்டாண்ட் வைக்க இடம் வேண்டும். சாதாரண ஜாக்கி ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரமே 27, 28 செ.மீ. ஆகிறது. 33இல் நின்றுபோகிற ஜாக்கியை வைத்துக்கொண்டு 28 செ.மீ. ஸ்டாண்டை உள்ளே செருகுவது ஐந்து செ.மீ. இடைவெளியில் நடக்கிற வேலை. உயரமான வண்டி என்றால் அதுவும் நடக்காது. அப்போதுதான் ஆட்கள் ஜாக்கியின் தலையில் செங்கல்லை வைக்கிறார்கள், ஹாலோ பிளாக்கை வைக்கிறார்கள். மரம் உடையும் முன் முனகும். ஹாலோ பிளாக் ஒரு சத்தமும் காட்டாமல் தூளாகும்.

இன்னொரு சிக்கலை வாங்கும் வரை யாரும் யோசிப்பதில்லை. கதவுக்குக் கீழே, தகரம் மடித்து வெல்டு செய்த ஓரத்தில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே இருப்பதுதான் ஜாக்கி வைக்கும் இடம். அங்கே ஜாக்கியை வைத்துவிட்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? இதற்கு விடை ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. சில கார்களில் முன்பக்கம் நடுவே கிராஸ் மெம்பரில் தூக்க அனுமதி உண்டு. அங்கே தூக்கி, இரண்டு பக்க ஓரங்களிலும் ஸ்டாண்ட் கொடுக்கலாம். ஆனால் அந்த நடு இடத்தை எட்ட நீளமான உடல் உள்ள ஜாக்கி வேண்டும், சின்னது எட்டாது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் 2.5 அல்லது 3 டன் பெரிய ஜாக்கி வாங்கலாம் என்பேன். அதன் நீளக் கைப்பிடியில் நின்றபடி அடிக்கலாம் என்பது கூடுதல் சுகம். எந்த ஜாக்கியானாலும் ஆயில் சேம்பரில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சேம்பர் நசுங்கினால் ஜாக்கி விலையைப் போலப் பல மடங்கு செலவு. ஓரத்தில் தூக்கும்போது நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை ஒன்றைத் தலைத்தட்டில் வைத்தால் மடிப்பு வளையாது, பெயிண்ட் உரியாது, துருவும் ஏறாது.

அடுத்தது தரை. ஜாக்கிக்குச் சக்கரம் இருப்பது இழுத்துக்கொண்டு போவதற்காக மட்டும் இல்லை. அதன் கை நேர்மேலாக ஏறுவதில்லை, வில் போல வளைந்து ஏறும். மேலே போகப் போகத் தலைத்தட்டு பின்பக்கமாக வரும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஜாக்கி காருக்கு அடியில் தானாகக் கொஞ்சம் உருண்டு போக வேண்டும். உருள முடியாவிட்டால் தலைத்தட்டு வழுக்கும். மண் தரையிலும் ஜல்லியிலும் இது கட்டாயம் நடக்கும். நம் வீட்டு போர்ட்டிகோக்களில் பேவர் பிளாக் போட்டிருக்கிறோம், மழைத்தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிவும் கொடுத்திருக்கிறோம். இரண்டுமே ஜாக்கிக்கு எதிரி.

இது படித்துச் சொல்வதில்லை. இருபது வருடத்துக்கு முன் என் சொந்த வீட்டு வாசலில், நாளெல்லாம் அடுத்தவர் வண்டியைத் தூக்கி இறக்குகிற நானே, ஜாக்கியின் முன்சக்கரம் இரண்டு பேவர் கற்களுக்கு நடுவில் மாட்டியதைக் கவனிக்கவில்லை. நான்கு அடி அடித்தேன், ஐந்தாவதில் தலைத்தட்டு நழுவியது. சக்கரம் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. பிரேக் டிஸ்க் தரையில் இறங்கிய சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. ஃபெண்டர் நசுங்கியது, கல் இரண்டு பிளந்தது. வீட்டுக்காரம்மா ஓடிவந்து வண்டியைப் பார்க்கவில்லை. "கால் எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். சக்கரத்தைக் கழற்றினால் அதை அப்படியே பாடிக்கு அடியில் படுக்க வைப்பது அன்றிலிருந்து பழக்கம். பேவர் தரையில் வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் 18 மி.மீ. பிளைவுட் பலகையை விரியுங்கள். ஜாக்கி உருள்வதற்கும் அதில் இடம் இருக்க வேண்டும். சரிவில் எதைப் போட்டும் பயனில்லை, சமதளத்துக்கு வண்டியை எடுத்துப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத பொருள்: ஒரு ஜோடி ஸ்டாண்ட். பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஸ்டாண்டை வாங்குங்கள். கத்திரி ஜாக்கியால் தோளுக்கு வலிதான், ஸ்டாண்ட் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ட்ராலி ஜாக்கிக்குள் உங்கள் காரைப் பிடித்து வைத்திருப்பது கொஞ்சம் ஆயில், ஒரு ரப்பர் வளையம், பட்டாணியைவிடச் சின்ன எஃகுக் குண்டு. சிறிய பிஸ்டனில் கொடுத்த அழுத்தம் பெரிய பிஸ்டனில் பல மடங்கு பலமாக மாறுகிற வித்தை அது. லண்டனில் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. அந்தக் குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் ஒரு மணல் துகள் வந்தால் போதும், ஆயில் கசிந்து கார் மெல்ல இறங்கும். மெல்ல இறங்குவது நல்ல நாளில். ரப்பர் வளையம் கிழிந்தால் சட்டென்று இறங்கும்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடை நிறுவனம் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பற்களில் கொக்கி சரியாகப் பிடிக்காமல் பாரத்தோடு இறங்கிவிடும் என்பது குறை. அதற்கு மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டிலும் வெல்டிங் கோளாறு என்று அதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஸ்டாண்ட் மேல் காரை இறக்கியதும் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். ஜாக்கியையும் முழுக்க எடுத்துவிடாமல், பாரம் ஏறாமல் தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவையுங்கள்.

முட்டுக்கட்டை போடுவது என்றால் ஊரில் கெட்ட பேர். இங்கே அதுதான் உயிர் காக்கும். உங்கள் காரில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் இரண்டையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக் போட்டும் போடாததும் ஒன்றுதான். கியரில் போட்டிருக்கிறேனே என்பீர்கள். கியர் முன்சக்கரங்களைப் பிடிக்கும், ஆனால் முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் டிஃபரென்ஷியல் வழியாக அது காற்றில் சும்மா சுற்றும், தரையில் இருக்கிற மற்றதைக் கியரால் பிடிக்க முடியாது. அதனால் எந்தப் பக்கம் தூக்கினாலும் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். லாரி கிளீனர் பையன்கள் யாரும் சொல்லாமலே இறங்கி ஓடிவந்து செய்கிற வேலை இது.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஓட்டுவது ஐ10. பஞ்சர் ஆனால் நானே மாற்ற ஆசை. பெண்களுக்கு அலுமினிய ஜாக்கிதான் சரிப்படும் என்று என் தம்பி சொல்கிறான். வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: தம்பி அலுமினியத்தைச் சொன்னதில் தப்பில்லை அம்மா, காரணத்தைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டார். கைப்பிடியை அடிக்க ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பலம் போதும், மீதியை ஆயில் பார்த்துக்கொள்ளும். எடை மட்டுமே வித்தியாசம். பெரிய 3 டன் இரும்பு ஜாக்கி 30 கிலோவைத் தாண்டும், ஒரு மூட்டை சிமென்ட்டில் பாதிக்கு மேல். அதைக் குனிந்து தூக்கினால் யாருக்கும் இடுப்பு பிடிக்கும். சின்ன 2 டன் இரும்பு ஜாக்கி எட்டொன்பது கிலோதான். ஐ10க்கு அது போதும், அலுமினியத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

டிக்கியில் வேண்டாம். மேடுபள்ளத்தில் உருண்டு உருண்டு வால்வு கசியும், ஆயில் வாடை போகவே போகாது. வழியில் பஞ்சரானால் கத்திரி ஜாக்கியே போதும், அது அதற்காகவே படைக்கப்பட்டது. ஜாக்கியைவிட உங்களுக்கு அவசியமானது நல்ல நீளமான வீல் ஸ்பேனர். பஞ்சர் கடையில் மிஷின் வைத்து இறுக்கிய நட்டைக் கம்பெனி கொடுத்த குட்டி ஸ்பேனரில் கழற்ற முடியாமல் நடுரோட்டில் நின்றவர்கள் ஏராளம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஸ்டெப்னியில் மாதம் ஒருமுறை காற்றுப் பாருங்கள். வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருவின் பெயரைத்தான் நம் ஊர்ப் பஞ்சர் கடைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: மூன்று வருடமாக வைத்திருக்கும் ஜாக்கி இப்போது தூக்கினாலும் பாதியில் நிற்கிறது, அடித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. கொஞ்சம் ஆயில் ஊற்றினால் சரியாகுமா? பிரேக் ஆயில் கைவசம் இருக்கிறது.
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: பிரேக் ஆயிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஜாக்கியின் ரப்பர் அதில் ஊதிப் பாழாகும். பஞ்சு மாதிரி என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. பாரம் இல்லாமல், இறக்கும் வால்வைத் திறந்துவைத்துக் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடியுங்கள். பிறகு கையை முழுக்க இறக்கி, ரப்பர் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள், துளைக்குக் கொஞ்சம் கீழே நிற்கட்டும், ததும்ப வேண்டாம். கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று: வேலை முடிந்ததும் ஜாக்கியை முழுக்க இறக்கியே வையுங்கள். தூக்கிய நிலையில் வைத்தால் பளபளவென்ற பிஸ்டன் தண்டு வெளியே நின்று உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அந்தத் துரு அடுத்த முறை உள்ளே போகும்போது ரப்பரைக் கிழிக்கும்.

கேள்வி: எலெக்ட்ரிக் காருக்கும் இதே ஜாக்கி போதுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: ஜாக்கி போதும், அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை கூடுதல் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். நடுவில் எங்கேயும் தூக்காதீர்கள், தரைக்கு அடியில் பேட்டரி பெட்டி இருக்கிறது. குறியிட்ட நான்கு இடங்களைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய ட்ராலி ஜாக்கி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: வாங்கலாம், சோதித்துவிட்டு. தலைத்தட்டு கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். கையில் புது வெல்டிங் தெரிந்தால் தொடாதீர்கள். அதன்பின் கடை வாசலில் உங்கள் காரின் ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பாடிக்கும் தரைக்கும் நடுவில் டேப் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வேண்டாம். இந்தச் சோதனைக்கே கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், டீயை மட்டும் குடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.