சட்டைப்பையில் ஒரு குண்டு பல்பு

கரியாலூரைத் தாண்டி, வண்டி நிற்கிற இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் வரும் ஒரு சிற்றூர். இரவு எட்டு மணி இருக்கும். ஒரு ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருக்கிறது, இரை எடுக்கவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். தாடை வீக்கம் என்றதும் எங்கள் வேலையில் முதலில் மனதுக்கு வருவது குடற்புழு. ரத்தம் குடிக்கிற புழு. ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்சதையைப் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் உடம்பில் ரத்தம் இருக்கிறது. வெளுத்திருந்தால் புழு குடித்துவிட்டது.

என் கையில் அப்போதுதான் வாங்கிய எல்இடி டார்ச் இருந்தது. பட்டி முழுக்கப் பகல் மாதிரி வெளிச்சம். வீங்கிய ஆட்டின் இமையைப் பார்த்தேன், வெளுப்பு. பக்கத்தில் நின்றதைப் பிடித்துப் பார்த்தேன், அதுவும் வெளுப்பு. ஐந்து ஆடு பார்த்தேன், ஐந்தும் ஒரே மாதிரி. பட்டியே போய்விட்டது என்று நினைத்தேன்.

ஆட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "அந்தச் செவல ஆடு இன்னிக்குக்கூட நல்லா மேஞ்சுதே சார். அதுக்குமா ரத்தமில்ல?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆயா, உங்க பேட்டரி லைட்டக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கினேன். நசுங்கிய தகர உடம்பு, ரெண்டு கட்டை, குண்டு பல்பு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் செவலையின் இமையைத் திரும்ப இழுத்துப் பார்த்தால் மாதுளை முத்து மாதிரி சிவப்பு. வீங்கிய ஆட்டின் இமை மட்டும் காகித வெள்ளை. மற்ற நான்கும் நன்றாக இருந்தன.

அன்றிலிருந்து குண்டு பல்பு டார்ச் என் சட்டைப்பையை விட்டுப் போனதில்லை. அதற்கு முன்னாலும் இருந்ததுதான். நடுவில் ஒரு வருடம்தான் எல்இடிக்கு மாறியிருந்தேன். கால்நடை ஆய்வாளராக நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் பகுதி தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டமானது. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். கச்சிராயபாளையம், வெள்ளிமலை என்று கிளை நிலையங்கள் மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் வேட்டி கட்டிச் சட்டை போட்டால் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பென் செல் இரண்டு போட்ட அந்தச் சின்ன டார்ச் இருக்கும்.

ஏன் அப்படித் தெரிந்தது என்று பிறகு ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. அது சூடேறி ஒளிர்கிறது. அடுப்பில் கங்கு ஒளிர்வது போலத்தான். அப்படிச் சூட்டில் பிறக்கும் ஒளியில் எல்லா நிறமும் விட்டுப்போகாமல் இருக்கும், சிவப்பு தாராளமாக இருக்கும். வெள்ளை எல்இடி வேறு விதம். உள்ளே நீல ஒளி; அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு. இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் மலிவான எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. ஒளியில் இல்லாத நிறத்தைச் சதை எப்படித் திருப்பிக் காட்டும்? நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடிகளும் இப்போது வந்துவிட்டன. பேருந்து நிலையத்துக் கடையில் தொங்குகிறவை அவை அல்ல.

தென்னாப்பிரிக்காவில் 1990-களில் ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை செய்தார்கள். ஆட்டின் இமை நிறத்தை ஐந்து படிகளாக அச்சிட்ட அட்டை. அதை இமைக்குப் பக்கத்தில் பிடித்து, எந்த ஆட்டுக்குப் புழு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்யலாம். எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த அட்டையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இரவில் கூப்பிட்டால் என்ன செய்வது? குண்டு பல்பைப் பிடித்து, நன்றாக மேய்கிற ஆடு ஒன்றை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு நோயாளி ஆட்டைப் பாருங்கள். ஒப்பிட்டால் ஏமாற மாட்டீர்கள்.

இதற்கு நேர் எதிரான பாடம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த விளக்கைப் புகழ்வது தப்பு. மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. உண்ணிக் காய்ச்சல் கண்ட ஒரு கறவை மாட்டை இரவில் இந்த டார்ச்சில் பார்த்துவிட்டு, கண்ணில் காமாலை இல்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். விடிந்து பார்த்தால் கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது. மாடு பிழைத்தது, ஆனால் ஓர் இரவு வீணானது என்னால். மனிதர்களுக்கும் இதே கதைதான். குழந்தைக்குக் காமாலையா என்று பார்க்க வேண்டுமானால் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பகலில் பாருங்கள்.

எங்கள் பக்கம் டார்ச்சைப் பேட்டரி லைட் என்போம், பெரிய செல்லைக் கட்டை என்போம். ரெண்டு கட்டை, மூணு கட்டை என்று அந்தக் கணக்கிலேயே ஒரு வீட்டின் வசதி தெரிந்த காலம் உண்டு. மாப்பிள்ளைக்குச் சைக்கிளும் கைக்கடிகாரமும் வைக்கிற வரிசையில் பேட்டரி லைட்டும் இருந்தது. லக்னோவில் எவரெடி டார்ச் தொழிற்சாலை 1958-ல் வந்தது. நெல்லூர்ப் பக்கம் செய்த நிப்போ செல்கள் எழுபதுகளுக்குப் பிறகு நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தன. மலையில் அரிக்கேன் விளக்குக்கு அடுத்து வீட்டுக்குள் வந்த வெளிச்சம் பல இடங்களில் இதுதான்; மின்கம்பம் பிறகுதான் வந்தது.

அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவருக்கு 1899 ஜனவரி 10-ல் கை டார்ச்சுக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலத்துச் செல்லால் தொடர்ந்து ஒளி தர முடியாது. பளிச்சென்று காட்டி அணைத்துவிட வேண்டும். அங்கே இந்த விளக்குக்கு அமைந்த 'ஃப்ளாஷ்லைட்' என்ற பெயரும் அந்தப் பளிச்சிடலை வைத்து வந்ததுதான். எனக்கு இது வெறும் பழங்கதையாகப் படவில்லை. இன்றைக்கும் சாதாரணத் துத்தநாக-கார்பன் செல் அப்படித்தான் நடந்துகொள்கிறது. தொடர்ந்து எரித்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அணைத்து ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தெம்பு திரும்பும். அதனால் நான் பத்தடிக்கு ஒரு தரம் அழுத்திப் பாதையைப் பார்த்துக்கொண்டு அணைத்து நடப்பேன். தெரிந்த பாதைக்கு அது போதும். கண்ணும் இருட்டுக்குப் பழகியிருக்கும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். மங்கலான செம்மஞ்சள் ஒளி அவ்வளவு கெடுப்பதில்லை.

மாடு கன்று போடும் நேரத்தில் இந்த மங்கல் ஒளி எவ்வளவு உதவி என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நோவெடுத்துப் படுத்திருக்கிற மாட்டின் முகத்தில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் மிரண்டு எழுந்து நிற்கும், முக்குவதை நிறுத்திவிடும். டார்ச்சின் முகத்தை உள்ளங்கையால் மூடி விரலை இறுக்கிப் பிடித்தால் கையே சிவந்து ஒளிரும். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கன்றின் குளம்பு வந்துவிட்டதா, மூக்கு வந்துவிட்டதா என்று மாட்டுக்குத் தெரியாமல் பார்த்துவிடலாம். இரண்டு கையும் வேண்டும் என்கிற நேரம் வந்தால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வேன். பித்தளையின் புளிப்பு இன்றும் என் நாக்கில் இருக்கிறது. ஈசல் பறக்கிற மழைக்கால இரவில் வெள்ளை விளக்கு வைத்தால் முகமெல்லாம் பூச்சி மொய்க்கும். நீல ஒளிதான் பூச்சிகளை அதிகம் இழுக்கும். குண்டு பல்பில் அது குறைவு.

இந்த விளக்கு எதையும் சொல்லாமல் சாகாது. செல் இறங்க இறங்க வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் பீடிக் கங்கு மாதிரி நிற்கும். மின்னழுத்தம் கால்பங்கு குறைந்தாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அது குறை போலத் தோன்றும். எனக்கு அதுதான் எச்சரிக்கை. ஆரஞ்சு கண்டதும் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவேன். நான் வைத்திருந்த சார்ஜ் டார்ச் அப்படி இல்லை. கோமுகி அணைக்குப் பக்கத்தில் கரும்புக் கொல்லை வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது, கடைசி நிமிடம் வரை பளீரென்று எரிந்துவிட்டு ஒரே நொடியில் அணைந்தது. கண்ணும் இருட்டுக்குப் பழகவில்லை. தோகை சரசரத்தால் காற்றா வேறு எதுவுமா என்று தெரியாமல் அசையாமல் நின்றேன்.

வரப்பு என்றதும் பாம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது மோட்டார் போடப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கண்ணாடி விரியனும் இரவில் இரை தேடும். அந்த வேலைக்குப் பென் செல் டார்ச் போதாது. 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு தருவது மிகச் சிறிய வெளிச்சம். பென் செல்லில் அது சில நாள் ஒன்றரை மணி நேரம்கூட நன்றாக எரிவதில்லை. கொல்லைக்குப் போகிறவர்கள் நல்ல எல்இடி டார்ச்சும் கைத்தடியும் காலுக்கு மூடிய செருப்பும் கொண்டுபோங்கள். நானும் பையில் ஒரு எல்இடி வைத்திருக்கிறேன், வழி நடக்க. சட்டைப்பையில் இருப்பது கிட்டத்தில் பார்க்க.

எந்த டார்ச்சாக இருந்தாலும் தாழப் பிடியுங்கள். நெற்றியில் கட்டியோ, கண் மட்டத்தில் பிடித்தோ அடித்தால் தரை தட்டையாகத் தெரியும். கல்லும் பாம்பும் மண்ணோடு மண்ணாகிவிடும். முழங்கால் உயரத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும். அந்த நிழல்தான் காட்டிக்கொடுக்கும். மார்கழியில் வெள்ளிமலைச் சாலையில் மூடுபனி இறங்கும்போதும் இதே விதிதான். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று நானும் வெகுநாள் நம்பினேன். உண்மையில் பனித்துளிக்கு மஞ்சளும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். பலமான ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போனால் பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பும். ஒளி குறைவாகவும் தாழ்வாகவும் இருந்தால் திரும்புவது குறையும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. டார்ச் எரியவில்லை என்றால் எல்லோரும் உள்ளங்கையில் தட்டுவார்கள். தட்டினால் எரிகிறது என்றால் செல்லில் குற்றம் இல்லை, தொடுமுனையில் களிம்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உப்புத்தாளால் அடி ஸ்பிரிங்கையும் பல்பின் அடியையும் ஒரு தரம் தேய்த்துவிட்டால் தட்ட வேண்டியதே இல்லை. பல்புக்குள் கண்ணாடி கறுத்திருந்தால் இழை தேய்ந்துகொண்டிருக்கிறது. அணையும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். பிரதிபலிக்கும் கிண்ணத்தைத் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும். வாயால் ஊதினால் போதும். பயன்படுத்தாத நாளில் ஒரு செல்லைத் திருப்பிப் போட்டு வைத்தால் பைக்குள் தானாக எரிந்து தீராது. மாதக்கணக்கில் வைப்பதானால் செல்லைக் கழற்றிவிடுங்கள். சாதாரண செல் கசிந்தால் சமையல் சோடாவும், ஆல்கலைன் செல் கசிந்தால் எலுமிச்சைச் சாறும் தொட்டுத் துடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பலனில்லை. இரண்டு செல் டார்ச்சுக்கு 2.5 வோல்ட் பல்பு, மூன்று செல்லுக்கு 3.8 வோல்ட். மூன்று செல்லில் இரண்டு செல் பல்பைப் போட்டால் சீக்கிரமே இழை கருகிப் போய்விடும்.

கீழே விழுந்தால் இழை அறுந்துவிடும் என்பது இதன் பெரிய பலவீனம். கயிறு கட்டி வைத்திருப்பதும், மாற்றுப் பல்பு கையில் இருப்பதும் அதனால்தான். சில டார்ச்சில் அடிமூடிக்குள்ளேயே மாற்றுப் பல்பு வைக்க இடம் இருக்கும். இல்லையென்றால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் வைப்பேன்.

அந்தப் பல்பைத் தேடித்தான் இப்போது அலைய வேண்டியிருக்கிறது. கள்ளக்குறிச்சியில் நான் வழக்கமாக வாங்கும் பழைய மின்சாமான் கடையில் கடைசி அட்டை தொங்குகிறது. அதில் ஏழு பல்புகள் மிச்சம். எங்காவது கண்ணில் பட்டால் நாலைந்து வாங்கி வையுங்கள்.