உப்பு குறையணும், ருசி குறையக்கூடாது



மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். அவரோ "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைத் தள்ளிவிட்டு ஊறுகாயைத் தேடுகிறார். என்ன செய்யலாம்?

முதலில் கணக்குப் பார்ப்போம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்ந்தால் அளவு மீறிவிட்டோம். அப்பளம், வற்றல், கருவாட்டு உப்பு தனி!

ஒரே நாளில் குறைக்காதீர்கள். வாரம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். அவருக்கென்று தனி உலை வேண்டாம். நமக்கும் இதுவே நல்லது.

வாழைத்தண்டு கூட்டு: நம்ம ஸ்ரீரங்கம், திருச்சி பக்கம் வாழைத்தண்டுக்குப் பஞ்சமில்லை. நாரெடுத்துப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு வேகவைக்கவும். தேங்காய், மிளகு, சீரகம் அரைத்து ஊற்றி, கறிவேப்பிலை தாளிக்கவும். கடைசியில் அரை டீஸ்பூன் உப்பு. இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் புளிப்பும் காரமும் உப்புக் குறையை மறைத்துவிடும்.

கவனம்: கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் வாழைத்தண்டோ, 'சோடியம் குறைந்த' உப்போ டாக்டரைக் கேட்டே சேர்க்கவும். மாத்திரையை நிறுத்தக்கூடாது.

குழுவில் பேச: உப்புப் பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். எத்தனை நாள் வந்தது? அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.